இன்னொரு தடவை

(சேர்வராயன் மலை, கிளியூரில் பெற்றோரும் அங்கன்வாடிப் பணியாளர்களும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சின்னப் பிள்ளைகளுக்குப் பிடித்த புத்தகங்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இதற்குப் பெரியவர்கள் போடுகிற பட்டியல்கள் நிறைய உண்டு. பிள்ளைகள் பட்டியல் போடுவதில்லை. அவர்களிடம் இருப்பது ஒரே ஓர் அளவுகோல். கதை முடிந்து நாம் புத்தகத்தை மூடப் போகும்போது அட்டைமேல் ஒரு சின்னக் கை வந்து விழும். "இன்னொரு தடவை" என்று குரல் வரும். எந்தப் புத்தகத்துக்கு அந்தக் குரல் வருகிறதோ அதுதான் அந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தகம். பரிசு வாங்கிய புத்தகமாக இருக்கலாம், பத்து ரூபாய்ப் புத்தகமாக இருக்கலாம், அட்டை போன புத்தகமாகவும் இருக்கலாம். நாம் புத்தகம் வாங்குவதற்கும் எழுதுவதற்கும் வாசித்துக் காட்டுவதற்கும் இந்த அளவுகோலையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கத்தான் இந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்தேன்.

படித்ததையே படி என்று பிள்ளை கேட்கும்போது பெரியவர்களுக்கு அலுப்பு வருகிறது. "இதைத்தான் நேற்றே படிச்சாச்சே, வேறு படிப்போம்" என்கிறோம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துவிட்டால் நமக்குக் கதையின் ருசி போய்விடுகிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கு, அடுத்து என்ன என்று தெரிந்த பிறகுதான் ருசியே தொடங்குகிறது. அந்த வயதில் எதுவும் அவர்கள் கையில் இல்லை. எப்போது சோறு, எப்போது குளியல், காப்பித் தோட்டத்துக்குப் போன அம்மா எப்போது திரும்புவாள், எல்லாம் பிறர் தீர்மானிப்பது. புத்தகத்தில் மட்டும் அடுத்த பக்கத்தைத் திருப்பினால் யானை வரும் என்று பிள்ளைக்குத் தெரியும். தான் நினைத்தபடியே யானை வந்து நிற்கிறது. எத்தனை தடவை திருப்பினாலும் அந்த யானை ஏமாற்றாது. உலகத்தில் ஒன்றாவது தான் நினைத்தபடி நடக்கிறது என்ற அந்த நிம்மதியைப் பிள்ளை மறுபடியும் மறுபடியும் கேட்கிறது.

இதில் பிள்ளையின் ஆசை மட்டும் இல்லை, படிப்பும் இருக்கிறது. இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹார்ஸ்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்று வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டினார்கள். இன்னொரு பகுதியினருக்கு வேறு வேறு கதைகள். புதிய சொற்கள் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான், காதில் விழுந்த தடவையும் ஒன்றுதான். ஒரே கதையைத் திரும்பக் கேட்ட பிள்ளைகளுக்குத்தான் அந்தச் சொற்கள் நன்றாகப் பிடிபட்டன. எனக்கு இதன் காரணம் இப்படித் தோன்றுகிறது: முதல் தடவை பிள்ளையின் கவனம் முழுக்க என்ன நடக்கிறது என்பதிலேயே போய்விடுகிறது. இரண்டாம் தடவை யார் யார் என்று தெரிகிறது. அதற்குப் பிறகுதான் சொற்களைத் திரும்பிப் பார்க்க மனசுக்கு ஓய்வு கிடைக்கிறது. ஆக, வீட்டில் ஐம்பது புத்தகம் இல்லையே என்று எந்தத் தாயும் வருந்த வேண்டியதில்லை. நாலு புத்தகம் இருந்து, நாலையும் பிள்ளை கேட்கிற தடவையெல்லாம் படித்துக் காட்டினால் அது பெரிய செல்வம்.

எந்தப் புத்தகம் "இன்னொரு தடவை"யை வாங்குகிறது? பிள்ளைக்கு வேலை வைக்கிற புத்தகம். வாய்க்கு வேலை, விரலுக்கு வேலை, கண்ணுக்கு வேலை.

வாய்க்கு வேலை வைப்பதில் தமிழ்ப் பாட்டிகளை மிஞ்ச ஆள் இல்லை. தன் பெயரை மறந்துபோன ஈயின் கதை உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஈ முதலில் கன்றுக்குட்டியிடம் போய்த் தன் பெயரைக் கேட்கிறது. கன்றுக்குத் தெரியவில்லை, தாய்ப் பசுவைக் கேள் என்கிறது. பசு மேய்ப்பவனிடம் அனுப்புகிறது, அவன் தன் கைக்கோலிடம், கோல் மரத்திடம், மரம் கொக்கிடம், கொக்கு குளத்திடம், குளம் மீனிடம். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து எல்லாரையும் வரிசையாக அழைத்த பிறகுதான் புதிய ஆளிடம் கேட்க முடியும். வரிசை நீண்டுகொண்டே போகிறது. மூச்சு வாங்குகிறது. கடைசியில் குதிரை கனைக்கிற ஒலியிலேயே ஈக்குத் தன் பெயர் கிடைத்துவிடுகிறது. இந்தக் கதையை யார் கட்டினார்கள் என்று தெரியாது. அதன் அமைப்பைப் பாருங்கள்: வரிசையை நினைவில் வைப்பது ஒரு விளையாட்டு, ஒரே மூச்சில் சொல்வது இன்னொரு விளையாட்டு, முடிவு ஒரு சிரிப்பு. மூன்று வயதுப் பிள்ளை கனைப்பை மட்டும் செய்யும். ஐந்து வயதுப் பிள்ளை முழு வரிசையையும் சொல்லிவிடும். இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே கதையில் பங்கு கொள்கிறார்கள். வாலைக் கொடுத்துக் கத்தி வாங்கிய குரங்கின் கதையும் இதே வகைதான். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிக்கொண்டே போகும் அந்தக் குரங்கு, கடைசியில் மேளம் கொட்டிப் பாடுகிறது. பிள்ளைகள் கதையைவிட அந்த மேளத்துக்காகக் காத்திருப்பார்கள்.

இன்னொன்றும் நம் வழக்கத்தில் உண்டு. கதை சொல்லும்போது கேட்கிறவர் "ஊம்" கொட்ட வேண்டும். ஊம் நின்றால் கதை நிற்கும். பிள்ளை தூங்கிவிட்டதா என்று பார்ப்பதற்கான வழியாக மட்டும் இதை நினைத்துவிடாதீர்கள். கதை சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம் அது. நீ கேட்டால்தான் நான் சொல்வேன், நீயும் இந்தக் கதையில் ஓர் ஆள் என்று பிள்ளைக்குச் சொல்லும் ஏற்பாடு. அமெரிக்காவில் 1980-களின் இறுதியில் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் உடனிருந்தவர்களும், பிள்ளையைப் பேசவிட்டு, கேள்வி கேட்டு, பதிலை வளர்த்து வாசித்துக் காட்டும் முறையை ஆராய்ந்து எழுதியபோது உலகமே அதைக் கவனித்தது. இந்த மலையில் திண்ணையில் உட்கார்ந்து ஊம் கொட்டச் சொன்ன பாட்டிக்கு அதன் பாதி ஏற்கெனவே கைவந்திருந்தது. புத்தகம் வந்த பிறகு நாம் அந்த "ஊம்" கொட்டலைக் கைவிட்டுவிட்டோம். "வாயை மூடிக்கிட்டுக் கேளு" என்று சொல்லி வாசிக்கிறோம். அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவோம். பிள்ளை குறுக்கே பேசினால் புத்தகம் வேலை செய்கிறது என்று பொருள்.

தமிழில் அச்சுப் புத்தகத்துக்குள் இந்த ஓசையைக் கொண்டுவந்தவர்களில் அழ. வள்ளியப்பாவை முதலில் வைப்பேன். புதுக்கோட்டைப் பக்கம் ராயவரத்தில் 1922-இல் பிறந்து, இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கான குழந்தைப் பாடல்களை எழுதியவர். 1944-இல் 'மலரும் உள்ளம்' என்ற முதல் தொகுப்பு வந்தபோது அதில் 23 பாடல்கள். 1950-இல் குழந்தை எழுத்தாளர்களுக்கென்று ஒரு சங்கமே அமைத்தார். அவருடைய பாடல்கள் யார் எழுதியது என்று தெரியாமலே தமிழ்நாடெங்கும் பிள்ளைகள் வாயில் கிடக்கின்றன. கவிஞனுக்கு அதைவிட உயர்ந்த இடம் எது? குட்டி வரி, எளிய சொல், கை தட்ட இடம். பிள்ளை ஒரு தடவை கேட்டால் இரண்டாம் தடவை கூடப் பாடலாம். அதற்குள் ஒரு காட்சி நகர்ந்திருக்கும்.

மாத இதழ்களும் இந்த ரகசியத்தை அறிந்திருந்தன. 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய அம்புலிமாமாவை நினைத்துப் பாருங்கள். விக்கிரமன் தோளில் வேதாளத்தைச் சுமந்து நடக்கும் படத்தை வரைந்தவர் ஓவியர் சங்கர். கொங்கு நாட்டுக்காரர். 1952-இல் அந்த இதழில் சேர்ந்து அறுபதாண்டுக் காலம் வரைந்து, 2020-இல் தம் 97-ஆம் வயதில் மறைந்தார். மாதந்தோறும் அதே தொடக்கம், அதே மன்னன், அதே முருங்கை மரம். ஒரு மாதம் அந்தத் தொடக்கம் இல்லாமல் கதை வந்திருந்தால் பிள்ளைகள் விட்டிருக்க மாட்டார்கள். புதியது வேண்டும் என்றுதான் பெரியவர்கள் நினைக்கிறோம். பிள்ளைக்குப் பழைய வாசல் வழியாகப் புதிய கதைக்குள் போக வேண்டும்.

விரலுக்கு வேலை வைத்த புத்தகம் ஒன்றையும் சொல்கிறேன். எரிக் கார்ல் என்ற ஓவியர் 1969-இல் அமெரிக்காவில் வெளியிட்டது. ஒரு கம்பளிப்புழு திங்கட்கிழமை ஓர் ஆப்பிளைத் தின்கிறது, செவ்வாய்க்கிழமை இரண்டு பேரிக்காய், இப்படியே நாளுக்கொன்று கூடிக்கொண்டு போகும். தின்ற இடத்தில் தாளிலேயே நிஜமான ஓட்டை. பிள்ளை அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு மறுபக்கம் எடுக்கும். கிழமையும் எண்ணும் பழத்தின் பெயரும் புழு வண்ணத்துப்பூச்சியாகும் கதையும் அந்த விரல் வழியாகவே உள்ளே போய்விடுகின்றன. யாரும் பாடம் நடத்தவில்லை. புத்தகத்தின் அளவுகூட முக்கியம். பீட்டர் முயல் கதையை எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர், 1902-இல் அந்தப் புத்தகம் வெளிவந்தபோது, சின்னக் கைக்கு அடங்குகிற சின்னப் புத்தகமாகத்தான் இருக்க வேண்டும் என்று நின்றார்.

நம் ஊரில் என்ன நடக்கிறது? பிள்ளைக்குப் புத்தகம் என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது நீதி. கதை முடிந்ததும் பெட்டி கட்டி, "இதிலிருந்து நாம் அறிவது" என்று ஒரு வரி. கதை முழுவதும் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளையின் முகம் அந்த வரியில் அடங்கிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எனக்கு நீதி நூல்கள்மேல் பெரும் மரியாதை உண்டு. ஔவையின் ஆத்திசூடியைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து வந்ததற்குக் காரணம், அது வாயில் உருளும் ஓசையோடு சுருக்கமாக இருப்பது. கதையின் வாலில் நீதியைக் கட்டுவது வேறு. ஈயின் கதைக்கு என்ன நீதி? ஒன்றுமில்லை. அதனால்தான் அது பிழைத்திருக்கிறது. ருஷ்யாவில் கொர்னேய் சுக்கோவ்ஸ்கி என்று ஒரு பெரிய எழுத்தாளர் இருந்தார். இரண்டு முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளின் பேச்சைப் பல ஆண்டுகள் குறித்துவைத்தவர். 1920-களில் அங்கே கல்வியாளர்கள் சிலர், மாயக்கதை வேண்டாம், பேசும் மிருகம் வேண்டாம், பிள்ளைகளுக்கு உண்மை மட்டும் போதும் என்று கிளம்பினார்கள். சுக்கோவ்ஸ்கி அவர்களை எதிர்த்து நின்றார். தலைகீழான உலகத்தைக் கேட்டு ஒரு பிள்ளை சிரிக்கிறது என்றால், நேரான உலகம் எது என்று அதற்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்பது அவர் வாதம். இன்று நம்மிடையே "இதனால் மதிப்பெண் கூடுமா" என்று கேட்பவர்களுக்கும் அந்த வாதம் பொருந்தும்.

இனி வாசித்துக் காட்டுவதில் நமக்கே உரிய ஒரு சிக்கலுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

வீட்டில் நாம் பேசுவது ஒரு தமிழ். புத்தகத்தில் இருப்பது இன்னொரு தமிழ். "அவங்க வந்துட்டாங்க" என்று கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் புத்தகம் "அவர்கள் வந்துவிட்டார்கள்" என்கிறது. இந்த மலையில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களின் வீட்டுப் பேச்சில் அதற்கே உரிய சொற்களும் இழுவையும் உண்டு. சேலத்துப் பேச்சே அந்தப் பிள்ளைக்குச் சற்றுத் தள்ளித்தான் இருக்கும், புத்தகத் தமிழ் அதற்கும் தள்ளி. முதல் தடவையே அச்சில் உள்ளபடி கடகடவென்று வாசித்தால் பிள்ளை எழுந்து போய்விடும். பிள்ளைக்குக் கவனம் இல்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். கவனம் இருக்கிறது. ஏறுவதற்குப் படிதான் இல்லை.

படி போடுவது எளிது, "இன்னொரு தடவை"யே அந்தப் படி. முதல் தடவை எதையும் வாசிக்காதீர்கள். படத்தை மட்டும் பாருங்கள். பிள்ளை காட்டுவதைப் பெயர் சொல்லுங்கள், உங்கள் வீட்டுப் பெயரையே சொல்லுங்கள். இரண்டாம் தடவை கதையை உங்கள் பேச்சில், உங்கள் அம்மா உங்களுக்குச் சொன்ன மாதிரி சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வரும் வரியை மட்டும் அச்சில் உள்ளபடி, விரலை வரிக்குக் கீழே ஓட்டி வாசியுங்கள். மூன்றாம் தடவையோ நாலாம் தடவையோ முழுவதையும் அச்சில் உள்ளபடி வாசியுங்கள். அதற்குள் கதை பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். தெரிந்த கதையில் தெரியாத மொழி வந்தால் பயம் வராது. "வந்துவிட்டார்கள்" என்பது "வந்துட்டாங்க"தான் என்று யாரும் சொல்லாமலே அதற்குப் புரிந்துவிடும். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது புத்தகத் தமிழ் அதற்கு அந்நியமாக இருக்காது. ஆசிரியர்கள் ஓராண்டு போராடிச் செய்கிற வேலையில் ஒரு பெரிய பங்கை மடியில் உட்கார வைத்தே செய்துவிடலாம்.

எழுதுகிறவர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. நம் மொழியில் வினைச்சொல் நீளமாக வளரும். "ஓடிக்கொண்டிருந்தது" என்பது காதுக்கு ஒன்றுமில்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளையின் கண்ணுக்கு அது ஒரு மலை. "ஓடியது" போதுமே! டாக்டர் சூஸ் 1957-இல் தொப்பி போட்ட பூனையின் கதையை 236 வெவ்வேறு சொற்களை மட்டும் வைத்து எழுதினார். அந்த நெருக்கடியில்தான் அவ்வளவு துள்ளல் வந்தது. தமிழில் எழுதுகிறவர் சொல்லின் எண்ணிக்கையோடு சொல்லின் நீளத்தையும் எண்ண வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் இங்கே இருக்கிறீர்கள். இதெல்லாம் எங்களுக்கில்லை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். நான் சொன்னவற்றில் முதல் இரண்டு தடவைக்கும் எழுத்து வேண்டியதில்லை. படத்தைப் பார்த்து நீங்கள் சொல்லும் கதை அச்சிட்ட கதையிலிருந்து மாறினால் ஒன்றும் குறைந்துவிடாது. எழுத்தே இல்லாத படக்கதைப் புத்தகங்களும் உண்டு, அவற்றை வாங்குங்கள். வாசிக்கத் தெரிந்த மூத்த பிள்ளை சின்னதுக்கு வாசித்துக் காட்டட்டும். அந்த மூத்த பிள்ளை தட்டுத்தடுமாறினாலும் சின்னது திருத்தாது, சிரிக்காது. வகுப்பில் வாய் திறக்கக் கூசும் பிள்ளைக்குத் தம்பியையும் தங்கையையும்விட நல்ல அவை கிடைக்காது.

என்னென்ன புத்தகங்கள் கிடைக்கின்றன? முன்பைவிட நிலைமை நன்றாகவே இருக்கிறது. பள்ளிக்கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள் அரசுப் பள்ளிகளுக்கு வந்திருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்திருக்கிறார்கள். பெயரிலேயே பிள்ளையின் உடம்பு இருக்கிறது, அது எனக்கு மிகவும் பிடித்தது. சென்னையில் துளிகா பதிப்பகம் 1996 முதல் பல மொழிகளில் படப் புத்தகங்கள் போடுகிறது. அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்த 'கஜபதி குலபதி'யை வாசித்துக் காட்டிப் பாருங்கள். ஒரு பெரிய யானைக்குச் சளி பிடித்து, அது தும்மப் போகிற கதை. தும்மலை வாசிக்கிறவர் கூச்சப்படாமல் முழுத் தொண்டையில் தும்ம வேண்டும். பிறகு வீடு முழுக்கத் தும்மல்தான். பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் நூல்கள் விலை மலிவு. பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கைப்பேசியில் பார்க்கலாம், அச்சிட்டும் கொள்ளலாம்.

ஆனால் ஒரு குறை இருக்கிறது, அதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். வண்ணப் படப் புத்தகம் அச்சிடுவது செலவான காரியம். தமிழில் மட்டும் சில ஆயிரம் படி போட்டால் விலை ஏறிவிடும். ஆகவே ஒரே படங்களை வைத்து, எழுத்தை மட்டும் மாற்றிப் பல மொழிகளில் வெளியிடுகிறார்கள். நேஷனல் புக் டிரஸ்ட் தன் நேரு குழந்தைகள் நூலக வரிசையில் செய்தது அதுதான். அதனால்தான் ஏழை வீட்டுக்கும் வண்ணப் புத்தகம் வந்தது, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் நாட்டின் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக வரைந்த படத்தில் எந்த ஊரும் இருக்காது. வீடு இருக்கும், எந்த ஊர் வீடு என்று சொல்ல முடியாது. மரம் இருக்கும், என்ன மரம் என்று தெரியாது. கிளியூர்ப் பிள்ளை எத்தனை பக்கம் திருப்பினாலும் கிளியூர் வராது.

உங்களிடம் என்ன இல்லை? கோடை மழை பெய்த சில நாளில் காப்பித் தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கிறது. பிறகு பச்சைக் காய், கார்த்திகை மார்கழியில் செக்கச்சிவந்த பழம், பிறகு களத்தில் உலரும் கொட்டை. ஒரு சொல்கூட எழுதாமல் இதை ஒரு படப் புத்தகமாக்கலாம். சில்வர் ஓக் மரத்தைப் பிடித்து ஏறும் மிளகுக்கொடி, பலாப்பழத்தைத் தேடி வரும் குரங்கு, மூடுபனிக்குள் வழி மறித்து நிற்கும் காட்டெருமை, மழைக்காலத்தில் ஏரி நிறைந்து வழிந்து அருவியாக விழும் தண்ணீர். அந்தத் தண்ணீர் எங்கிருந்து புறப்பட்டு எங்கே போகிறது என்பதே ஒரு கதை. சேர்வராயன் குகைக் கோயிலிலிருந்து தலைக்காவிரிக்கு வழி இருப்பதாகச் சொல்கிறீர்களே, அந்த இருட்டு வழியில் ஒரு வௌவால் புறப்பட்டுப் போனால் எத்தனை பேரைச் சந்திக்கும்? ஈயின் கதை மாதிரியே வரிசை வரிசையாகக் கட்டலாம். உங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த கதையும் இருக்கிறது. மூன்று சகோதரர்கள் பிரிந்து மூன்று மலைக்குப் போனார்கள், மூத்தவர் சேர்வராயனுக்கு வந்தார், மற்றவர்கள் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனார்கள் என்று உங்கள் பெரியவர்கள் சொன்னதை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளிவந்த தம் நூலில் ஆங்கிலத்தில் பதிவு செய்துவைத்தார். இன்று அது ஆராய்ச்சிக்காரர்களின் அலமாரியில் இருக்கிறது. அந்த மூத்தவரின் வழிவந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதைப் படத்தோடு யார் கொடுத்தோம்?

முடியுமா என்று கேட்பீர்கள். மத்தியப் பிரதேசத்தின் கோண்டு பழங்குடி ஓவியர்கள் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் ஊர்வேதி மூவரும் தங்கள் காட்டு மரங்களைத் தங்கள் வழக்கப்படியே வரைந்தார்கள். சென்னையின் தாரா பதிப்பகம் அதைக் கறுப்புத் தாளில் கையாலேயே அச்சிட்டு 2006-இல் புத்தகமாக்கியது. 2008-இல் இத்தாலியின் பொலோனியா நகரில் நடக்கும் குழந்தைப் புத்தகச் சந்தையில் அதற்குப் பரிசு கிடைத்தது. நமக்கு இப்போதைக்குப் பரிசு வேண்டாம். பள்ளியில் ஒரு வெள்ளைத் தாள் கட்டு போதும். பாட்டி சொல்லட்டும், பிள்ளைகள் வரையட்டும், ஆசிரியர் பாட்டியின் வாய்மொழியை அப்படியே ஒரு வரியாகவும், புத்தகத் தமிழில் கீழே ஒரு வரியாகவும் எழுதட்டும். ஊசி நூலால் தைத்தால் புத்தகம். தான் வரைந்த காட்டெருமை இருக்கும் புத்தகத்தை எந்தப் பிள்ளையும் ஒரு தடவையோடு விடாது.

கடைசியாக ஒரு காரியம், இது உடனே செய்ய வேண்டியது. பல இடங்களில் நல்ல புத்தகங்கள் வந்திருக்கின்றன, பூட்டிய பீரோவுக்குள் இருக்கின்றன. கிழிந்துவிடும், கணக்குக் காட்ட வேண்டும் என்ற பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, ஆசிரியர்மேல் பழி வரும் என்பதும் தெரியும். ஆகவே அதிகாரிகளிடமும் கேட்டுக்கொள்கிறேன்: கிழிந்த குழந்தைப் புத்தகத்தைப் பயன்பட்ட புத்தகமாகக் கணக்கில் எழுத ஆசிரியருக்கு இடம் கொடுங்கள். இதே மலையின் ஏற்காட்டில் 1894-இலும் 1917-இலும் தொடங்கிய பெரிய உண்டுறைப் பள்ளிகள் இருக்கின்றன. தொலைதூரத்துப் பிள்ளைகள் புத்தகம் தேடி இந்த மலைக்கு வந்து நூறாண்டுக்கு மேல் ஆகிறது. மலையின் சொந்தப் பிள்ளைகளுக்கு அதே மலையில் புத்தகம் எட்டாமல் இருக்கக் கூடாது.

மலைக்குப் புத்தகத்தை யார் சுமப்பது என்று கேட்பவர்களுக்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். 1931-இல், நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் தம் நூலக விதிகள் ஐந்தையும் நூலாக வெளியிட்ட அதே ஆண்டில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார். நம் காலத்தில், இடுக்கி மாவட்டத்து இடமலைக்குடிக் காட்டுக்குள், முதுவர் பழங்குடியினர் நடுவே, சின்னத்தம்பி என்ற டீக்கடைக்காரர் தம் சின்னக் கடையிலேயே நூலகம் வைத்தார். பத்திரிகையாளர் சாய்நாத் அங்கே நடந்து போனபோது சாக்கு மூட்டைகளுக்குள் 160 புத்தகங்கள் இருந்தன. கொடுத்ததற்கும் திரும்பியதற்கும் ஒழுங்கான பதிவேடு இருந்தது. கிளியூருக்குத் தார்ச்சாலை இருக்கிறது. அங்கன்வாடி இருக்கிறது. அதன் சுவரில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், மூன்று வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு கயிறு கட்டி, அதில் புத்தகங்களை விரித்துத் தொங்கவிடுங்கள். அட்டை முகம் தெரிய வேண்டும், முதுகு மட்டும் தெரிந்தால் அந்த வயதுக்குப் பயனில்லை. சனிக்கிழமை தோறும் யாராவது ஒருவர், தாத்தாவோ அக்காவோ, அங்கே உட்கார்ந்து பிள்ளை நீட்டுகிற புத்தகத்தை வாசிக்கட்டும். எந்தப் புத்தகம் என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். போன வாரப் புத்தகத்தையே நீட்டினால் அதையே வாசியுங்கள்.

என்னோடு ஒரு பை நிறையப் புத்தகங்கள் கொண்டுவந்திருக்கிறேன். பெரியவர்கள் கேள்விகள் கேட்கலாம். அதுவரை பிள்ளைகளை முன்னால் விடுங்கள், பையை அவர்களே பிரிக்கட்டும்.